2147483647 பகா எண்தானா? நோட்டில் தொடங்கி பைதான் வரை ஒரு முழு வழிகாட்டி

2^31 − 1, அதாவது 2147483647, ஒரு பகா எண். இதை யாரோ சொல்லிக் கேட்டு நம்பாமல், தானே போட்டுப் பார்த்து முடிக்க நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி. கோத்தகிரியில் மாலையில் கணக்குப் படிக்க வரும் பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைப் பலமுறை செய்திருக்கிறேன். கணக்கு புரியாமல் நின்றவர்கள் குறைவு. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் எடுத்துக்கொண்டு, பாதியில் நோட்டை மூடியவர்கள்தான் அதிகம். அதனால் படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம்.

குறியீடு ஒன்றுதான். 2^31 என்றால் 31 இரண்டுகளைப் பெருக்கியது. இதில் 31 அடுக்கு. இப்படி 2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்து வருபவை மெர்சென் எண்கள்.

1. உட்காரும் முன் தயாராக வேண்டியவை

கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு, பென்சில், கால்குலேட்டர். கால்குலேட்டரில் முதலில் 46341 × 46341 போடுங்கள். 2147488281 என்று பத்து இலக்கமும் முழுதாகத் தெரிய வேண்டும். நடுவில் புள்ளியோ ஓரத்தில் பிழைக்குறியோ வந்தால் அது இந்த வேலைக்கு ஆகாது. பச்சை இலை எடை போடும் இடங்களில் கணக்குப் பார்க்க வைத்திருப்பார்களே, 12 இலக்கக் கால்குலேட்டர், அது போதும். அழகான சயின்டிஃபிக் மாடலைவிட அதுவே மேல், ஏனென்றால் அது எண்ணைச் சுருக்கிக் காட்டாது.

எட்டாம் படிக்குப் பைதான் என்ற கணினி மொழி தேவை. ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு 3 என்ற செயலியைப் போட்டுக்கொண்டால் நெட் இல்லாமலே ஓடும். இதை முந்தின நாளே இறக்கி வையுங்கள். மழை மாதத்தில் ஒரு மரம் லைன் மேல் சாய்ந்தால் கரண்ட் போகும், பின்னாலேயே சிக்னலும் போகும்.

தெரிந்திருக்க வேண்டிய பாடம், மீதியை வைத்துக் கணக்குப் போடுவது. பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் என்று வருவதுதான். இரண்டு எண்களைப் பெருக்கி மீதி எடுப்பதும், முதலில் மீதி எடுத்துவிட்டுப் பெருக்குவதும் ஒரே விடையில் முடியும் என்பது மட்டும் மனதில் பதிந்திருந்தால் சரி.

2. முதலில் அடுக்கைப் பாருங்கள்

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் வேலை அங்கேயே முடிந்தது. 2^35 − 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 35 = 5 × 7. எனவே 2^5 − 1 = 31-ஆலும், 2^7 − 1 = 127-ஆலும் அது கட்டாயம் வகுபடும். கால்குலேட்டரைத் தொடவே தேவையில்லை.

31 பகா எண் என்பதால் நம் எண் இந்தப் படியைத் தாண்டுகிறது. அடுக்கு பகா எண் என்றால் விடையும் பகா எண்தான் என்று பலர் இங்கேயே முடித்துவிடுகிறார்கள். 11 பகா எண்; ஆனால் 2^11 − 1 = 2047 = 23 × 89. இந்த 2047 பின்னால் இரண்டு இடங்களில் உதவும், நோட்டின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

3. எண்ணைச் சரியாக எழுதியிருக்கிறோமா?

ஒரு இலக்கம் தவறினால் பின்னால் வரும் அத்தனையும் வீண். இரண்டு சோதனை போதும்.

முதலாவது, இலக்க எண்ணிக்கை. அடுக்கை 2-இன் மடக்கையால், அதாவது 0.30103-ஆல் பெருக்கி, முழுப்பகுதியோடு 1 கூட்டுங்கள். 31 × 0.30103 = 9.33, ஆக 10 இலக்கம்.

இரண்டாவது, கடைசி இரண்டு இலக்கங்கள். 2-இன் அடுக்குகளில் இவை 20 அடுக்குக்கு ஒருமுறை திரும்ப வரும். 31-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி 11. 2^11 = 2048, கடைசி இரண்டு 48, ஒன்று கழித்தால் 47. நம் எண்ணும் 47-இல்தான் முடிகிறது.

பெரிய அடுக்குக்குப் போனால் இந்த இரண்டு சுலபமான சோதனையிலும் சறுக்கும் இடம் உண்டு. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2^136279841 − 1 என்ற பகா எண்ணுக்கு 41024320 இலக்கங்கள். நான்கு இலக்க மடக்கை அட்டவணையில் உள்ள 0.3010-ஐப் போட்டால் நாலாயிரம் இலக்கம் குறைந்துவிடும். 0.30103 போட்டாலும் 41024320.5 என்று வந்து, ஒன்று கூட்டியதும் 41024321 ஆகிவிடும். ஒரே ஒரு இலக்கம் அதிகம், ஆனால் தப்பு தப்புதான். 0.30102999566 போட்டால் 41024319.9 வரும், விடை சரியாகும். அடுக்கு எத்தனை இலக்கமோ, அதைவிடச் சில இலக்கங்கள் கூடுதலாக மடக்கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு இலக்கத்தில் வேறொரு பொறி. 136279841-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி 1. உடனே 2^1 = 2, ஒன்று கழித்தால் 01 என்று எழுதிவிடுவார்கள். 2^1 அந்தச் சுழற்சியில் சேராது. சுழற்சி 2^2-இல் இருந்துதான் தொடங்குகிறது. மீதி 1 வந்தால் 2^21 = 2097152-ஐப் பாருங்கள். 52, ஒன்று கழித்தால் 51. அந்த எண் 51-இல்தான் முடிகிறது.

4. எதுவரை வகுக்க வேண்டும்?

ஒரு எண் இரண்டாகப் பிரிந்தால், சின்னப் பாகம் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 46340-இன் வர்க்கம் 2147395600, நம் எண்ணைவிடச் சின்னது. 46341-இன் வர்க்கம் பெரியது. ஆக 46340 வரை தேடினால் போதும்.

அதற்குள் 4792 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் வகுக்கக் கிளம்பாதீர்கள். 7, 11, 13 என்று உற்சாகமாகத் தொடங்கி முதல் பக்கம் முடிவதற்குள் சலித்துப்போவது இங்கேதான். அந்த வகுத்தல்களில் ஏறக்குறைய எதுவுமே தேவையில்லை.

5. வகுத்திகளைச் சலித்தெடுங்கள்

தேயிலை ஃபேக்டரியில் தூளைச் சலிப்பதுபோல இங்கே இரண்டு சல்லடை.

முதல் சல்லடை: வகுத்தியை 62-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். காரணம் இது. ‘வ’ என்ற பகா எண் 2^31 − 1-ஐ வகுக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் 2^31-ஐ வ-ஆல் வகுத்தால் மீதி 1. 2-இன் அடுக்குகளை வரிசையாக எழுதி மீதி பார்த்துக்கொண்டே போனால், மறுபடி 1 வருவது 31 அடுக்குக்கு ஒருமுறை. 31 பகா எண் என்பதால் அதைவிடக் குட்டையான சுழற்சி இருக்க முடியாது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, அடுக்கு வ − 1 ஆகும்போதும் மீதி 1. ஆகவே வ − 1 என்பது 31-இன் மடங்கு. வ ஒற்றைப்படை என்பதால் வ − 1 இரட்டைப்படை. எனவே 62-இன் மடங்கு.

இரண்டாவது சல்லடை: வகுத்தியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. 2^32 = 2 × 2^31; அதன் மீதி 2. 2^32 என்பது 2^16-இன் வர்க்கம். அதாவது வ-ஆல் மீதி எடுக்கும் உலகத்தில் 2 ஒரு வர்க்க எண். 2 வர்க்கமாக அமைவது 8-ஆல் வகுத்து மீதி 1 அல்லது 7 வரும் பகா எண்களில் மட்டுமே. இந்தக் கடைசி வரி தனியாக நிறுவ வேண்டிய ஒரு தேற்றம். இப்போதைக்கு எடுத்துக்கொண்டு நகருங்கள்.

இரண்டையும் சேர்த்தால் 248-ஆல் வகுத்து மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டும் மிஞ்சும். 46340 வரை 186-ம் 187-மாக 373. அதில் 63 பகு எண் என்று பார்த்ததுமே தெரியும். மீதம் 372. அவற்றிலும் பகு எண்களை அடித்துவிட்டால் எண்பது சொச்சம்தான் நிற்கும். ஆய்லர் 1772-இல் இந்த எண்ணை இப்படித்தான் முடித்தார்.

பட்டியலை இரண்டு பத்தியாக எழுதுங்கள். முதல் பத்தியில் 249, 497, 745, 993, 1241, 1489. இதில் 1489-க்கு முன்னால் எதுவும் பகா எண் இல்லை. இரண்டாவதில் 311, 559, 807, 1055, 1303. இதில் 311-ம் 1303-ம் நிற்கும்.

இனி 311-ஆல் சோதிப்போம். பத்து இலக்க எண்ணை நேராக வகுக்காமல் மீதிகளை மட்டும் பெருக்கிக்கொண்டு போங்கள்:

2^8 = 256. இதை −55 என்று வைத்துக்கொண்டால் பெருக்கல் சின்னதாகும்.
2^16: 55 × 55 = 3025, மீதி 226.
2^24: 226 × (−55) = −12430. 311 × 40 = 12440; மீதி 10.
2^31: 10 × 2^7 = 1280, மீதி 36.

ஒன்று கழித்தால் 35. பூஜ்ஜியம் வரவில்லை, ஆகவே 311 வகுக்காது. நேராக வகுத்தும் பாருங்கள்: 311 × 6905092 = 2147483612, மீதி அதே 35. முதல் இரண்டு மூன்று வகுத்திகளுக்கு இப்படி இரண்டு வழியிலும் செய்யுங்கள். கை பழகியதும் மீதி வழி மட்டும் போதும். எந்த இடத்திலும் எண்கள் கட்டுக்கு மீறாது.

இங்கே அதிகம் பார்க்கும் தவறு, 248-ஐயும் 63-ஐயும் மனப்பாடம் செய்து அடுத்த அடுக்குக்கும் அதையே போடுவது. அடுக்கு 29 என்றால் முதல் சல்லடை 58. 8-ஓடு சேர்த்தால் 232. மீதி 1 அல்லது 175. ஒவ்வொரு அடுக்குக்கும் புதிதாகப் போட வேண்டும். 29-க்குப் பட்டியலில் 175-க்கு அடுத்து நிற்பது 233. 2^8 மீதி 23, 2^16 மீதி 63, 2^24 மீதி 51, 51 × 32 = 1632, மீதி 1. ஒன்று கழித்தால் பூஜ்ஜியம். முதல் பகா எண்ணிலேயே 2^29 − 1 விழுந்துவிட்டது. அதன் முழுப் பிரிப்பு 233 × 1103 × 2089.

இந்தச் சலிப்பை, ஏழாம் படியில் வரும் லூகாஸ்–லேமர் சோதனைக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் இதுதான். விழப்போகிற எண் பல சமயம் சின்ன வகுத்தியிலேயே விழுந்துவிடும். 31-க்குப் பட்டியலில் முதல் பத்துப் பகா எண்களைச் சோதித்துவிட்டு அடுத்த படிக்குப் போகச் சொல்வேன். எண்பது சொச்சத்தையும் காகிதத்தில் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. உங்களுக்கு இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

6. அடி 2 வைத்த ஃபெர்மா சோதனையை இங்கே நம்பாதீர்கள்

நெட்டில் தேடினால் முதலில் கிடைக்கும் குறுக்குவழி இது: 2-ஐ ‘எண் − 1’ அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்து மீதி 1 வருகிறதா பார். பொதுவாக நல்ல சோதனைதான். ஆனால் மெர்சென் எண்களிடம் அது எதையும் சொல்லாது.

2047-ஐப் பாருங்கள். 2^11-இன் மீதி 1. 2046 = 11 × 186. எனவே 2^2046-இன் மீதியும் 1. சோதனை பாஸ், ஆனால் 2047 பகு எண். அடுக்கு பகா எண்ணாக இருக்கிற எந்த மெர்சென் எண்ணுக்கும் இதே கதைதான். அடி 3 வைத்தால் 2047 மாட்டிக்கொள்ளும். ஆனாலும் அது ‘பகா எண் போலிருக்கிறது’ என்ற அளவில்தான் நிற்கும். உறுதியான விடை வேண்டும் என்றால் அடுத்த படி.

7. லூகாஸ்–லேமர்: 8191-இல் கை பழகுங்கள்

விதி சின்னது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் போடுங்கள், 2 கழியுங்கள், மெர்சென் எண்ணால் மீதி எடுங்கள். இப்படி ‘அடுக்கு − 2’ தடவை. கடைசியில் பூஜ்ஜியம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். 3 முதல் எந்த ஒற்றைப்படைப் பகா அடுக்குக்கும் செல்லும்.

நேராக 31-க்குப் போகாதீர்கள். 2^13 − 1 = 8191-ஐ எடுங்கள்; 11 தடவை.

4 → 14 → 194 → 4870 → 3953 → 5970 → 1857 → 36 → 1294 → 3470 → 128 → 0

194-இலிருந்து 4870 எப்படி வந்தது? 194-இன் வர்க்கம் 37636, இரண்டு கழித்தால் 37634. இனி 8191-ஆல் வகுக்காமல் 8192-ஆல் வகுங்கள். ஈவு 4, மீதி 4866. இரண்டையும் கூட்டினால் 4870. 8192-ஐ 8191-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே ஒவ்வொரு 8192-ம் 1-ஆகச் சுருங்கி, ஈவு அப்படியே மீதியோடு சேர்ந்துவிடுகிறது. கணினியும் இதைத்தான் செய்கிறது. இரும எண்ணில் இது வெறும் வெட்டும் கூட்டலும், வகுத்தலே கிடையாது. மிகப் பெரிய பகா எண்கள் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தில் அகப்படுவதற்கு இந்த வசதி ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த வரி: 4870-இன் வர்க்கத்தில் 2 கழித்தால் 23716898. 8192-ஆல் வகுத்தால் 2895.129 என்று காட்டும். இங்கே பலர் 0.129-ஐ 8192-ஆல் பெருக்கி மீதி எடுக்கப் பார்ப்பார்கள், 1056.8 என்று வரும், அது தப்பு. முழுப்பகுதி 2895-ஐ மட்டும் எடுத்து 8192-ஆல் பெருக்குங்கள்: 23715840. கழித்தால் 1058. 1058 + 2895 = 3953.

நடுவில் சரிபார்க்க ஒரு நல்ல இடம் உண்டு. பூஜ்ஜியத்துக்கு முந்தைய மீதி, 2-ஐ (அடுக்கு + 1)-இல் பாதிக்கு உயர்த்தியதாகவோ, மெர்சென் எண்ணில் அதைக் கழித்ததாகவோதான் இருக்கும். 13-க்கு 2^7 = 128. மேலே வந்திருக்கிறது, பாருங்கள்.

தடுக்கும் இடங்கள் மூன்று. ஒரு வரியில் 2 கழிக்க மறப்பது. தொடக்கத்தில் உள்ள 4-ஐயும் ஒரு தடவையாக எண்ணி ஒரு படி முன்னாலேயே நிறுத்திவிடுவது. வர்க்கத்தில் ஒரு இலக்கம் மாறிப்போவது. “அண்ணா, பூஜ்ஜியம் வரலையே, அப்போ பகு எண்ணா?” என்று கேட்டால் நான் நோட்டைத்தான் முதலில் கேட்பேன். தப்பாகப் போட்ட கணக்கில் பூஜ்ஜியம் தற்செயலாக வருவது அபூர்வம். வராமல் போவதற்கோ எத்தனையோ வழி. எனவே பூஜ்ஜியம் வராத கணக்கை வேறு ஒருவர் புதிதாகப் போட்டு, அதே மீதி வந்தால் மட்டும் பகு எண் என்று எழுதுங்கள். பயிற்சிக்கு 2047: 9 தடவை முடிந்ததும் 1736 வர வேண்டும்.

8. இனி 2147483647

29 தடவை. 4, 14, 194, 37634, 1416317954 வரை கால்குலேட்டர் தாங்கும். அடுத்த வர்க்கம் 19 இலக்கம். அதில் 2 கழித்தால் 2005956546822746114. கால்குலேட்டர் இதைச் சுருக்கிவிடும். எக்செலும் 15 இலக்கத்துக்கு மேல் பூஜ்ஜியமாக நிரப்பிவிடும்; திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிவதால் இது கண்ணில் படாமலே போகும்.

அந்த ஒரு வரியை மட்டும் கையால் செய்யுங்கள். 2^31 = 2147483648-ஆல் வகுத்தால் ஈவு 934096307, மீதி 1883058178. கூட்டினால் 2817154485. இது நம் எண்ணைவிடப் பெரியது. 2147483647-ஐ ஒருமுறை கழியுங்கள்: 669670838. கூட்டிய பிறகு இப்படி ஒருமுறை கழிக்க வேண்டி வருவது 8191-இலும் உண்டு, 5970-இலிருந்து 1857 வந்த இடம் அப்படித்தான்; இது மறந்துபோகும் என்பதால்தான் இதைக் கையால் செய்யச் சொல்கிறேன்.

மிச்சத்தைப் பைதானிடம் விடலாம். அது எத்தனை இலக்கத்தையும் முழுதாக வைத்துக்கொள்ளும். ஐந்தாவது தடவை 669670838 காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். அடுக்குக்கு இரண்டு நட்சத்திரக் குறி போட வேண்டும். நான் இங்கே எழுதுவதுபோல 2^31-1 என்று அடித்தால் பைதான் சத்தமில்லாமல் 28 என்று சொல்லும். அந்தக் குறிக்கு அங்கே வேறு பொருள்.

சி மொழியில் எழுதுகிறவர்கள் 64 பிட் மாறியை எடுக்க வேண்டும். 32 பிட் முழு எண் மாறியின் உச்சமே 2147483647. வர்க்கம் போட்டதும் நிரம்பி வழியும். இதே உச்சம்தான் 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8:44:07-க்குப் பழைய கணினிக் கடிகாரங்களைத் தடுமாற வைக்கப்போகிறது.

28-ஆவது தடவை 65536 அல்லது 2147418111 வர வேண்டும். 29-இல் பூஜ்ஜியம்.

9. விடையை எழுதும் விதம்

‘பகா எண்’ என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்குச் சரிபார்க்க வழியில்லை. எந்தச் சோதனை, எத்தனை தடவை, கடைசிக்கு முந்தைய மீதி என்ன என்று மூன்றையும் எழுதுங்கள். விடை பகு எண்ணாக வந்து, வகுத்தி தெரியாமல் இருந்தால் அதையும் அப்படியே எழுதலாம். லூகாஸ்–லேமர் வகுத்தியைத் தராது. 2^67 − 1 பகு எண் என்று லூகாஸ் 1876-இலேயே காட்டிவிட்டார். 193707721 × 761838257287 என்ற பிரிப்பைக் கோல் என்ற கணிதவியலாளர் 1903-இல்தான் கொடுத்தார்.

பகா எண் என்று உறுதியானதும் இன்னொன்றும் கூடவே கிடைக்கும். 2^30-ஐ 2147483647-ஆல் பெருக்கினால் 2305843008139952128. இது ஒரு செவ்விய எண்: தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை அதுவேயாகும்.

அடுத்து 17, 19, 23 அடுக்குகளைப் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் பூஜ்ஜியத்தில் முடியும். 23-ஐ லூகாஸ்–லேமர் வரை இழுத்துக்கொண்டு போனால் ஐந்தாம் படியைத் தாண்டிக் குதித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பட்டியலின் முதல் எண் 47, அதிலேயே அது முடிந்துவிடும்.